மடியில் இருந்து பார்த்த படம்: வட்டவளைத் தோட்டங்களில் சிறுவரும் திரைப்படமும்

சிறுவருக்கென்றே படம் எடுத்து, சிறுவர் மட்டும் கூடும் காட்சியில் அதைத் திரையிடும் ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பல நாடுகளில் நிலைபெற்றது. பிரித்தானியாவில் 1951 இல் தொடங்கப்பட்ட சிறுவர் திரைப்பட நிறுவனம் சனிக்கிழமைக் காலைக் காட்சிகளுக்காகவே படங்களைத் தயாரித்தது. இந்தியாவில் 1955 ஆம் ஆண்டு மே மாதம் அமைக்கப்பட்ட சிறுவர் திரைப்படச் சங்கம், கேதார் சர்மா இயக்கிய 'ஜல்தீப்' என்னும் படத்தோடு தன் பணியைத் தொடங்கியது. பிள்ளையைப் பெரியவர்களின் படத்திலிருந்து விலக்கி, அதன் வயதுக்கு ஏற்றதைத் தனியே கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இவ்விரு முயற்சிகளுக்கும் அடிப்படையாக இருந்தது. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இப்படியொரு பிரிப்பு வேரூன்றவே இல்லை. அங்கே குழந்தை பார்த்த படம் அதன் தாயும் பாட்டனும் பார்த்த அதே படம்தான். அதைக் குழந்தைக்கு உரியதாக்கியவர், படத்தை எடுத்தவரைக் காட்டிலும், பக்கத்தில் அமர்ந்து அதன் காதில் கதை சொல்லிக்கொண்டே வந்த பெரியவர். வட்டவளையையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் முன்னிறுத்தி இந்த வழக்கத்தின் தடத்தைத் தேடினால், அது சினிமாவுக்கு வெகுகாலம் முன்பே, கூத்து நடந்த களத்தில் தொடங்குவதைக் காணலாம்.

நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவப் பிரதேசத்தில், நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் புகையிரதப் பாதையில் அமைந்திருக்கிறது வட்டவளை. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் மலைச்சரிவு ஆகையால், ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழையைப் பெற்று, நாட்டின் மிக ஈரமான இடங்களுள் ஒன்றாக அறியப்படுகிறது. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பிப் பயிர் அழிந்து, அந்த நிலங்களில் தேயிலை ஏறிய காலத்திலேயே இப்பாதையும் மேலே ஏறியது: 1874 இல் நாவலப்பிட்டியை எட்டிய புகையிரதம் பத்தாண்டுகள் கழித்து, 1884 இல், ஹட்டனை அடைந்தது. அப்பாதையை ஒட்டிய கரோலினா முதலிய தோட்டங்களில் குடியேற்றப்பட்டவர்கள் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் திரட்டப்பட்டவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட குடியிருப்பு 'லயம்' எனப்பட்டது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளைக் கொண்ட நீண்ட கட்டடம் அது. ஒவ்வோர் அறையும் 'காம்பரா' என்று வழங்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள அந்த ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கியது.

அக்காம்பராவில் வளர்ந்த குழந்தையின் நாள் தப்பொலியோடு தொடங்கியது. விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரை எழுப்பி, அவர்களை ஓரிடத்தில் கூட்டிப் பேர் பதிந்து வேலை பிரிக்கும் நிகழ்ச்சியைத் தோட்டத்தார் 'பிரட்டு' என்பர். பிரட்டுக்கு ஓடும் தாய், கைக்குழந்தையைப் 'பிள்ளைமடுவம்' எனப்பட்ட குழந்தைகள் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு, இடுப்பில் 'படங்கு' எனப்பட்ட முரட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். எனவே பகல் முழுவதும் குழந்தை இருந்தது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதிய பெண்களின் பொறுப்பில். மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பிய தாய்க்கு அடுப்பு வேலை காத்திருக்க, கதை சொல்லும் கடமை மீண்டும் பாட்டிக்கும் பாட்டனுக்கும் வந்து சேர்ந்தது. தலவாக்கலைப் பகுதியின் மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை பிற்காலத்தில் தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படிப்பவருக்கு, இந்த முதியவர்கள் எவ்வளவு பெரிய வாய்மொழிச் செல்வத்தைக் கடல் கடந்து சுமந்து வந்திருந்தார்கள் என்பது விளங்கும். ஏட்டில் எதுவும் இல்லாத, விளக்கெண்ணெய்க்கும் பஞ்சமான வீட்டில் அந்தச் செல்வம் பிள்ளைகளுக்குத் தங்குதடையின்றிக் கிடைத்தது.

கதை காட்சியாக மாறும் இரவுகளும் ஆண்டில் சில உண்டு. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத் தோட்டங்களின் முதன்மையான கூத்துகள். காமன் கூத்து என்பது மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றித் தொடங்கி, மன்மதனுக்கும் ரதிக்கும் திருமணம் செய்வித்து, சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் எரிவதையும் ரதி புலம்புவதையும் பல இரவுகளாக நடித்துக் காட்டும் சடங்குநிலை நாடகம். அருச்சுனன் தபசில், பாசுபதம் வேண்டித் தவம் செய்யும் அருச்சுனன் வேடதாரி உயரமான தபசு மரத்தில் பாட்டுப் பாடியபடியே ஏறுவார். வேடமிட்டவர்கள் அனைவரும் அதே தோட்டத்து ஆட்கள். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இரவில் வில் பிடித்தது. கூத்துக் களத்தில் குழந்தைக்கென்று தனி இடம் இருந்ததில்லை. கம்பளிக்குள் சுற்றி, மடியிலோ தோளிலோ வைத்துக்கொண்டு, இன்னார் வருகிறார், இப்போது இது நடக்கும் என்று பெரியவர் முன்கூட்டிச் சொல்லிவிடுவார். காமன் கூத்தில் வீரபத்திரன் தீப்பந்தத்தோடு ஆர்ப்பரித்து நுழையும்போது முகத்தை மூடிக்கொள்ளும் குழந்தைக்கு, அவன் எந்த வீட்டு மாமன் என்பதையும் காதில் சொல்வார். அச்சத்தையும் அதற்கான ஆறுதலையும் ஒரே நேரத்தில் கொடுக்கும் இந்த முறை, எழுதப்படாத ஒரு கலை என்றே மதிக்கத் தக்கது.

படம் காட்டும் தொழில் தமிழரிடையே பரவியதற்கும் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியதற்கும் திருச்சிராப்பள்ளியே ஒரு சந்தியாக அமைந்தது. இலங்கைத் தோட்டத்துரைமாரின் தேவைக்காக இயங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் 1904 இல் அந்நகரில் நிறுவப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, அதே நகரில் புகையிரதத் துறை ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டத் தொடங்கினார். ஊருக்குப் போய்த் திரும்பிய தோட்டத்தார் நடமாடும் பிம்பத்தைப் பற்றிய செய்தியைக் கொண்டுவர இந்த வழி ஒன்றே போதுமானதாக இருந்தது. இலங்கைக்குள் 1928 இல் சிற்றம்பலம் கார்டினர் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனம் திரையரங்குத் தொழிலை விரிவாக்கியது. 1931 இல் 'காளிதாஸ்' வழியாகத் தமிழ் பேசத் தொடங்கிய திரை, மலைநாட்டு நகரங்களுக்கும் ஏறி வந்தது. மேடை நாடகத்துக்கும் திரைக்கும் இடையிலான பாலத்திலும் இலங்கைக்குப் பங்கு உண்டு. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926 இல் கொழும்பு நாடக மேடையில் இணைந்தவர்கள். அந்தச் சுந்தராம்பாள்தான் 1953 இல் ஜெமினியின் 'ஒளவையார்' படத்தில் கிழவி வேடமேற்று, பாடசாலை வாசலையே மிதித்திராத பிள்ளைக்கும் ஆத்திசூடியை இசையோடு அறிமுகம் செய்தார்.

இந்த மலைகளையே படமாக்கியவர்களும் இருந்தார்கள். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் செலவில் பேசில் ரைட் எடுத்து 1934 இல் வெளிவந்த 'சாங் ஒஃப் சிலோன்' ஆவணப்பட வரலாற்றில் உயர்ந்த இடம் பெற்றது. வட்டவளைக்குக் கீழே, கினிகத்தேனைக் கணவாயைக் கடந்து இறங்கினால் வரும் கித்துல்கலையில், களனி ஆற்றின் மீது பாலம் கட்டி, 1957 இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை டேவிட் லீன் எடுத்தார். முன்னது தேயிலை அருந்தும் மேலைநாட்டாருக்காக எடுக்கப்பட்டது. பின்னதில் இந்தக் காடு வேறொரு நாட்டின் காடாக நின்றது. அக்கொழுந்தைப் பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு அவ்விரண்டில் எதுவும் உரியதாகவில்லை என்பது மறக்கப்படக்கூடாத செய்தி. அவர்களுக்கு உரியதான படங்கள் சென்னையிலிருந்து வந்தன.

படம் பார்ப்பது ஒரு பயணம். வட்டவளை, இஹல வட்டவளை, ரொசல்ல, ஹட்டன் என்று வளைந்து ஏறும் 'கோச்சி', அதாவது புகையிரதம், அல்லது கினிகத்தேனையிலிருந்து வரும் பேருந்து, குடும்பத்தை 'டவுனுக்கு' அழைத்துச் சென்றது. சம்பள நாளை அடுத்த ஓய்வு நாளும், தீபாவளிக்காகத் தோட்டம் கொடுக்கும் முற்பணம் கையில் இருக்கும் சில நாட்களும் இதற்கு ஏற்றவை. ஆகவே புத்தாடை, டவுன், படம் ஆகிய மூன்றும் ஒரே நினைவாகப் பிள்ளையின் மனத்தில் பதிந்தன. திரைக்கு மிக அருகே, நுழைவுக் கட்டணம் குறைந்த வாங்குகள் கொண்ட பகுதிக்குக் 'கலரி' என்று பெயர். அங்கே கழுத்தை அண்ணாந்து பார்க்கும் சிறுவருக்குத் திரையின் உருவங்கள் மலையளவாகத் தெரிந்தன. மடியில் அமரும் குழந்தைக்குத் தனிச் சீட்டு எடுப்பதில்லை என்பதால், சிறு குழந்தைகள் ஏறக்குறைய எல்லோருமே பெரியவரின் மடியிலிருந்தே முதற்படத்தைப் பார்த்தார்கள். கோவில் திருவிழாக் காலத்தில் தோட்டத்து மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, 16 மில்லிமீற்றர் கருவியால் படம் காட்டுவதும் உண்டு. மழைக்குப் பேர்போன வட்டவளையில் படங்கைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, துணியின் இருபுறத்திலும் அமர்ந்து பார்க்க வேண்டியிருந்தாலும், அத்தகைய இரவுகள் கூத்து இரவுகளின் நேர் வாரிசுகள் ஆயின.

இந்த மடிகளுக்கு மிகப் பொருந்தி வந்த படங்களைத் தேடினால், 1957 ஏப்ரலில் தமிழில் வெளியான 'மாயா பஜார்' முதலிடம் பெறும். விஜயா நிறுவனத்தாருக்காகக் கே.வி. ரெட்டி தமிழிலும் தெலுங்கிலுமாக இயக்கிய அப்படத்தின் கதை வியாச பாரதத்தில் இல்லாதது. பாரதத்தைத் தம் வீட்டுக் கதையாக்கிக்கொண்ட நாட்டுப்புற மக்களும் நாடகக்காரர்களும் வளர்த்தெடுத்தது. தமிழ் மேடையில் 'வத்சலா கல்யாணம்' என்று வழங்கிய இதை 1935 லேயே தமிழில் படமாக்கியிருந்தார்கள். பலராமனின் மகள் வத்சலாவும் அருச்சுனனின் மகன் அபிமன்யுவும் சிறு வயதிலேயே ஒருவருக்கொருவர் எனப் பேசப்பட்டவர்கள். பாண்டவர் சூதில் நாடிழந்ததும் பேச்சு மாறி, துரியோதனன் மகன் இலக்கணகுமாரனுக்குப் பெண் நிச்சயிக்கப்படுகிறது. கண்ணன் சொற்படி கடோற்கஜன் உறங்கும் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வானத்தில் பறந்து காட்டில் சேர்த்துவிட்டு, தானே வத்சலாவாக உருமாறி மணப்பெண் இடத்தில் அமர்ந்துகொள்கிறான். அருச்சுனன் தபசு மரத்தில் ஏறுவதைக் கண்ட தோட்டத்துக் குழந்தைக்கு இக்கதையின் உறவுமுறைகளை விளக்க அதிக நேரம் தேவையில்லை: அந்த அருச்சுனனின் மகன் இவன், இவனுக்கு அண்ணன் முறை அந்தப் பெரிய உருவம் என்று சொன்னால் போதும்.

அந்தப் பெரிய உருவத்தின் முதல் வரவில்தான் பெரியவரின் வேலை தொடங்குகிறது. எஸ்.வி. ரங்காராவ் ஏற்ற கடோற்கஜன் மலை முகட்டில் நின்று இடிபோலச் சிரித்துக்கொண்டு தோன்றுகிறான்; நான்கைந்து வயதுக் குழந்தை அஞ்சுவது இயல்பு. வீரபத்திரனுக்குச் சொன்ன ஆறுதலே இங்கும் உதவியது: அவன் பீமன் மகன், நம்ம பக்கத்து ஆள். அந்த ஒரு சொல்லோடு அச்சம் உரிமையாக மாறிவிட, அடுத்து அவன் செய்யும் ஒவ்வொரு மாயமும் குழந்தையின் வெற்றியாகிறது. இயக்குநர் இதற்கு ஏற்றவாறே காட்சிகளை அமைத்திருக்கிறார். தன்னை அறியாமல் தன் தம்பி அபிமன்யுவோடு மோதும் கடோற்கஜன், உறவு தெரிந்ததும் தாயின் சொல்லுக்கு அடங்கிக் குழைந்து நிற்கிறான். இத்தனை பெரிய உடம்பு ஒரு கிழவியின் அதட்டலுக்கு ஒடுங்குவதைக் காணும் பிள்ளை, தன்னைப் போன்ற ஒருவனையே திரையில் காண்கிறது.

இன்னும் நுட்பமானது, சாவித்திரி ஏற்ற இரட்டைப் பணி. வத்சலாவாக மென்மையாக நடந்தவர், கடோற்கஜன் புகுந்த வத்சலாவாக மாறியதும் தோளை நிமிர்த்தி, கையை வீசி, கண்ணை உருட்டி, தனித்திருக்கும்போது அரக்கன் நடையே நடக்கிறார். ஆள் வரும் ஒலி கேட்டதும் நாணிக் குனிகிறார். துரியோதனனுக்கும் நம்பியார் நடித்த சகுனிக்கும் தெரியாத இரகசியம் மடியிலிருக்கும் குழந்தைக்குத் தெரியும். பெரியவர் உலகில் எப்போதும் கடைசியாகவே செய்தி அறியும் சிறுவருக்கு, பெரியவர்களை முந்திக்கொண்டு அறியும் இந்த இன்பத்தை ஊட்டியதில்தான் 'மாயா பஜார்' சிறுவர் படமாகிறது. அரக்கரும் மந்திரமும் மட்டுமே அதற்குக் காரணமாயின், அக்காலத்து மாயாஜாலப் படங்கள் எல்லாமே அதே இடத்தைப் பெற்றிருக்க வேண்டும்.

கல்யாண விருந்துக் காட்சியைத் தனியே நோக்க வேண்டும். மணவீட்டாருக்காகச் சமைத்து அடுக்கிய விருந்தின் நடுவே கடோற்கஜன் ஒற்றை ஆளாக அமர, திருச்சி லோகநாதனின் குரலில் பாட்டு எழ, லட்டுகள் தட்டிலிருந்து தாமே எழுந்து வரிசையாகப் பறந்து அவன் வாய்க்குள் போகின்றன. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, கணினியின் உதவி எதுவும் இல்லாத நாளில், கருவியின் ஓட்டத்தை நிறுத்தி நிறுத்தி எடுப்பது போன்ற உத்திகளால் இத்தகைய மாயங்களைச் செய்தார். ஸ்டூடியோவுக்குள்ளேயே நிலவொளியை உண்டாக்கி எடுத்த அவருடைய படகுப் பாட்டைத் தொழில் அறிந்தவர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். தோட்டத்துக் கலரிக்கு இந்த விருந்து வேறொரு பொருளையும் தந்தது. கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் அன்றாட உணவாக, லட்டும் முறுக்கும் தீபாவளிக்கு மட்டும் கிடைப்பனவாக இருந்த வாழ்க்கையில், முழு விருந்தையும் ஒருவன் சிரித்துக்கொண்டே உண்டு தீர்ப்பதும், அவன் தம் பக்கத்தவனாக இருப்பதும் பசியை அறிந்த பிள்ளைக்கு எத்தகைய நிறைவைக் கொடுத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறந்த மண் சார்ந்த உரிமையோடு பார்க்கப்பட்டவை எம்.ஜி.ஆர். படங்கள். 1917 ஜனவரி 17 இல் அவர் பிறந்தது நாவலப்பிட்டியில். வட்டவளையிலிருந்து அதே கோச்சிப் பாதையில் இறங்கினால் அடையும் நகரம். 1956 இல் வெளியான, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தையும், யானைகளோடு அவர் நடித்து 1972 இல் வந்த 'நல்ல நேரம்' படத்தையும் இப்பகுதியார் நம்ம ஊர்ப் பிள்ளையின் படமாகத் தம் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். 1965 இல் சரோஜாதேவியோடு அவர் இலங்கைக்கு வந்தபோது எழுந்த ஆரவாரத்துக்குப் பின்னால் இந்த உரிமை உணர்வும் இருந்தது.

ஆயினும் அந்த மக்களுக்கு ஊர் எது என்பதையே சட்டம் கேள்விக்குள்ளாக்கிய காலம் அது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைய பேச்சுக்கு விட்டுவைத்தது. ஹட்டனிலிருந்தும் அயல் நிலையங்களிலிருந்தும் இந்தியாவுக்குப் புறப்பட்டோரைத் தலைமன்னார்த் துறைக்கு ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். டவுனுக்குப் படம் பார்க்க ஏறிய அதே வண்டிப்பாதையில் பாட்டியும் பேரனும் பிரிந்தார்கள். ஒரு காம்பராவில் கேட்டு வளர்ந்த கதைகளில் ஒரு பகுதி கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்ச் சேர்ந்தது. நாடிழந்து காட்டுக்குப் போனவர்களின் கதையாகிய பாரதம் இவர்களுக்கு வெறும் புராணமாக இருந்திருக்க முடியாது.

இதே காலத்தில் படங்களின் வரவும் சுருங்கியது. 1971 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாகி 1972 இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம், படங்களை இறக்குமதி செய்யும் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. உள்நாட்டுச் சினிமாவை வளர்க்கும் நோக்கம் இதற்கு இருந்தது என்பதை மறுக்க இயலாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதிய தமிழ்ப் படங்கள் குறைந்துபோக, நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த பழைய பிரதிகள் கீறல் விழுந்தும், இடையிடையே அறுந்து ஒட்டப்பட்டும் மீண்டும் மீண்டும் ஓடின. பழைய படம் ஒன்று தலைமுறை கடந்து நிற்பதற்கு அதன் தரம் மட்டுமே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மலைநாட்டில் தட்டுப்பாடும் ஒரு காரணம். தாய் தன் குழந்தைப் பருவத்தில் கண்ட படத்தையே தன் குழந்தைக்கும் காட்டும் வாய்ப்பு, விரும்பியும் விரும்பாமலும், அவளுக்கு வந்து சேர்ந்தது. முன்பே பார்த்திருந்ததால், அடுத்து வருவதைப் பாட்டனிடம் கேட்க வேண்டிய தேவையின்றித் தானே கதை சொல்லியானாள். பாட்டி தலைமுறை கூத்துக் களத்திலிருந்து கொண்டுவந்த முன்கூறும் முறை, இப்படியாகப் படத்தையே மூலமாகக் கொண்டு புதுப்பிக்கப்பட்டது.

தம் மலைகளையும் தம் முகங்களையும் தமிழ்த் திரையில் காணும் வாய்ப்பும் அரிதாகக் கிட்டியது. தோட்ட வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட 'தோட்டக்காரி' 1963 இல் வெளிவந்தது, தொழிற்சங்கவாதியாகிய வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975 இல் வந்தது. குறைந்த வசதியோடு எடுக்கப்பட்ட இப்படங்களின் குறைகளை எண்ணுவது எளிது. லயத்தையும் கொழுந்துக் கூடையையும் வெள்ளைத் திரையில் முதன்முறை கண்ட பிள்ளைக்கு அவை கொடுத்ததை வேறெந்தப் படமும் கொடுக்கவில்லை. 1983 ஜூலை வன்செயல்களில் கொழும்பை அடுத்த ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. உள்நாட்டுச் சினிமாவின் மூலச்சுருள்கள் பலவும் அக்காலத்து நெருப்பில் அழிந்தன. ஆகவே பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தாலும் காட்ட முடியாத படங்களும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

1982 பெப்ரவரியில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், படம் டவுனிலிருந்து லயத்துக்கு வந்தது. மின்சாரம் எட்டாத காம்பராக்களில் கார் பற்றரியில் இயங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டியைச் சூழ்ந்து, லயத்துப் பிள்ளைகள் அனைவரும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்தார்கள். வீடியோ நாடா இயக்கும் கருவியை 'டெக்' என்பர். திருவிழாவுக்கும் சடங்குவீட்டுக்கும் பெட்டியையும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து போட்டார்கள். அவற்றுள் புதுப்படங்களோடு முதியவர்கள் கேட்டு வாங்கும் ஒரு பழைய புராணப் படமும் சேர்ந்தது. புதுப்படம் ஓடும்போது உறங்கிய பாட்டி அப்போது எழுந்து அமர்ந்து, பேரப்பிள்ளையை அருகில் இழுத்துக்கொண்டாள். 1998 இல் சக்தி தொலைக்காட்சியும், அதன் பின்னர் வந்த செய்மதி அலைவரிசைகளும் தமிழ்ப் படத்தை அன்றாடப் பொருளாக்கியதும், படத்துக்காகக் காத்திருந்த உணர்வு மெல்லக் கரைந்தது. நகரத் திரையரங்குகள் பல மூடப்பட்டன. தாய் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குச் சென்ற குடும்பங்களில், குழந்தையோடு அமர்ந்து படம் பார்ப்பவர் மீண்டும் பாட்டியே ஆனார்.

'மாயா பஜார்' கதையில் 'பிரியதர்சினி' என்றொரு பேழை வருகிறது. அதைத் திறப்பவர் எவரோ, அவருக்கு மிக விருப்பமானது அதனுள் தெரியும். பலராமன் திறந்தால் துரியோதனனும், அவன் மனைவி ரேவதி திறந்தால் அணிகலன்களும், வத்சலா திறந்தால் தொலைவில் இருக்கும் அபிமன்யுவும் அதில் காட்சி தருகிறார்கள். வத்சலா அப்பேழை வழியே அவனோடு பாடவும் செய்கிறாள். கைபேசி வந்த பிறகு இக்காட்சி பிள்ளைகளுக்கு மாயமாகத் தோன்றுவதில்லை. வெளிநாட்டிலிருக்கும் தாயின் முகத்தை அதே அளவுள்ள பெட்டியில் நாள்தோறும் கண்டு பேசும் குழந்தைக்கு, வத்சலா செய்வது பழகிய செயல். கறுப்பு வெள்ளையில், ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தை இன்றைய ஐந்து வயதுக் குழந்தை முழுவதும் பொறுத்துப் பார்க்காது என்று கருதுவோர் உண்டு. தனியே விட்டால் அது உண்மையாகலாம். மழை விடாத வட்டவளை மாலையில், கைபேசியைத் தேத்தண்ணிக் கோப்பையில் சாய்த்து வைத்து, கடோற்கஜன் வருவதற்கு ஒரு நொடி முன்பே அவன் யார் மகன் என்று சொல்லும் ஒருவர் பக்கத்தில் இருந்தால், குழந்தை கேட்கும் அடுத்த கேள்வி, இவன் நம்ம ஆளா என்பது.